கால் கட்டைவிரல் புடைப்பு: அறுவை சிகிச்சை தேவையா, யாரிடம் செய்துகொள்வது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டில் பல ஆண்டுகளாகப் புடைப்பு இருந்து வருகிறது. கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்துவிட்டது. வேலையில் வெகுநேரம் நிற்க வேண்டியவர். ஒரு மருத்துவர், இப்போதே அறுவை சிகிச்சை செய்துகொள்ளாவிட்டால் பின்னாளில் நடப்பதே சிரமமாகிவிடும் என்கிறார். இன்னொருவர், இதில் கத்தி வைத்தால் வலி கூடத்தான் செய்யும், அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார். இருவரில் யாருடைய பேச்சைக் கேட்பது, செய்துகொள்வதென்றால் எப்படிப்பட்ட மருத்துவரைத் தேடுவது என்று கேட்கிறார்.

நான் அறுவை மருத்துவர் அல்ல. அறுவை முடிந்த பாதங்களுக்கு மீண்டும் நடை பழக்கும் இயன்முறை சிகிச்சைத் துறையில் இருப்பவள். அதனால் அறுவைக் கூடத்துக்குள் நடப்பதைவிட, அதற்கு முந்தைய தயக்கத்தையும் பிந்தைய மாதங்களையும் நெருக்கமாகப் பார்க்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது, மேற்சொன்ன இருவருமே புடைப்பைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. வலி எந்த இடத்தில் இருக்கிறது, எந்தச் செயலின்போது வருகிறது, காலணியை மாற்றிய பிறகும் நிற்காமல் தொடர்கிறதா என்ற மூன்றையும் கேட்காமல் இந்த விஷயத்தில் யாரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

மருத்துவத்தில் ஹாலக்ஸ் வால்கஸ் என்றும் பேச்சில் பன்யன் என்றும் குறிப்பிடப்படும் இந்தக் கோளாறில் பெரும்பாலும் புதிதாக எலும்பு எதுவும் வளர்ந்துவிடுவதில்லை. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் முதல் மெட்டாடார்சல் எலும்பு மற்றொரு காலை நோக்கி விலகுகிறது. கட்டைவிரல் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டில் எலும்பின் தலைப்பகுதி தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நிற்கிறது. பலருக்கு அந்த எலும்பு தன் அச்சிலேயே சற்றுத் திருகியும் போயிருக்கும். அதன் அடியில் இருக்க வேண்டிய இரண்டு சிற்றெலும்புகள் இடம் மாறி எக்ஸ்ரேயில் தெரியும். துருத்திய இடத்தில் காலணி உரச உரச, தோலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நீர்ப்பை வீங்கிச் சிவந்துவிடுகிறது. வெளியே தெரியும் புடைப்பு இவை அனைத்தின் விளைவு. மேலே துருத்தியிருப்பதை மட்டும் சீவி எடுத்துவிடும் சிகிச்சை பெரும்பாலும் நிலைக்காததற்குக் காரணமும் இதுதான்: விலகிய எலும்பு விலகியபடியே இருந்தால் புடைப்பு மறுபடியும் எழும்.

இது அரிதான கோளாறும் அன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கும், 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 36 சதவீதத்தினருக்கும் ஏதோ ஓர் அளவில் இந்தச் சாய்வு காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குடும்பவழியாக வரும் பாத அமைப்பு இதற்கு அடிப்படை. முனை குறுகிய காலணி அதை விரைவுபடுத்துகிறது. இத்தனை பேரில் மிகச் சிலரே அறுவைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் நடமாட்டம் இழந்து முடங்கிவிடுவதில்லை. சாய்வு பொதுவாக ஆண்டுக்கணக்கில் மெதுவாகத்தான் கூடும். யாருக்கு எந்த வேகத்தில் கூடும் என்று ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்துக் கணித்துச் சொல்லவும் இயலாது. வலியே இல்லாத பாதத்தில், வருமுன் காப்பதாக எண்ணி அறுவை செய்வதைப் பாத அறுவை மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை, ஏனெனில் வலி இல்லாத பாதத்துக்கு அறுவையால் கிடைக்கக்கூடியது குறைவு, இழக்கக்கூடியது அதிகம். அழகுக்காக மட்டும் செய்துகொள்வதற்கும் இதே பதில்தான்.

இனி வலியின் இடத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். விரல் புடைப்பின் மேலேயே போய் நின்றால், அது உரசலால் வரும் வலி. காலணியைக் கழற்றியதும் சிறிது நேரத்தில் தணியும். பெரும்பாலும் காலணியைக் கொண்டே சமாளிக்கக்கூடியது. விரல் பாதத்தின் அடியில், இரண்டாம் மூன்றாம் விரல்களுக்குப் பின்னால் போய் நின்றால், விஷயம் வேறு. கட்டைவிரல் தன் பங்குச் சுமையைத் தாங்காமல் விலகிவிட்டதால் பக்கத்து எலும்புகள் அதை ஏற்கின்றன. அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருக்கும். வெறுங்காலோடு கடினமான தரையில் நடந்தாலும் வலிக்கும். இரண்டாம் விரல் மடங்கி நிமிராமல் இருப்பதும், கட்டைவிரலின் மேல் ஏறிக்கொள்வதும் இதன் அடுத்த கட்டம். இந்த வகை வலி காலணியால் ஓரளவுதான் குறையும், அறுவையைப் பற்றிப் பேசுவதற்கு இதில் நியாயம் அதிகம்.

மூன்றாவது இடம் மூட்டுக்குள். கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது உள்ளே வலித்தால், அல்லது படியேறும்போதும் முன்பாதத்தை ஊன்றி எழும்போதும் வலித்தால், மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்திருக்கக்கூடும். தேய்ந்த மூட்டுக்குச் செய்யும் அறுவையே வேறு என்பதால், இதைக் கண்டறியாமல் தேதி குறிப்பது ஆபத்தானது. புடைப்பு பக்கவாட்டில் இல்லாமல் மூட்டின் மேற்புறத்தில் இருந்து, விரல் சாயாமலேயே விறைத்திருந்தால் அது இந்தக் கோளாறே அன்று. மூட்டு விறைப்பு என்ற தனி நோய். ஒரே இரவில் மூட்டு சிவந்து, சூடேறி, போர்வை பட்டாலும் தாங்க முடியாத வலி வந்தால் யூரிக் அமிலம் மிகுவதால் வரும் கவுட் நோயை நினைக்க வேண்டும். பல மூட்டுகளில் காலை நேர விறைப்பு இருந்தால் முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படும். இவை எதற்கும் சாய்வைத் திருத்தும் அறுவை முதல் சிகிச்சை ஆகாது.

காலணியை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை என்று பலரும் சொல்வார்கள். அவர்கள் மாற்றிய காலணியை வாங்கிப் பார்த்தால், முன்பைவிட ஓர் அளவு நீளமானதாக இருக்குமே தவிர அகலமானதாக இருக்காது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் இரு கால்களிலும் சமமாக எடை போட்டு நின்று, இன்னொருவரைப் பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தின் ஓரத்தை வரையச் சொல்லுங்கள். அந்தக் கோட்டின் மேல் அன்றாடம் அணியும் காலணியை வையுங்கள். கோடு காலணிக்கு வெளியே தெரிந்தால், நாள் முழுவதும் பாதம் அந்த அளவுக்கு நெருக்கப்படுகிறது என்று பொருள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வரைவது நல்லது. விரல் பகுதி அகலமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும்; புடைப்பின் மேல் தையல் மடிப்பு வரக்கூடாது; அடிப்பகுதி சற்றுக் கெட்டியாக இருந்தால் மூட்டு வளைவது குறையும்; குதி உயரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அத்தகைய காலணியோடு மூன்று மாதங்களாவது இருந்து பார்க்காமல், அறுவையில்லா வழி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம்.

விரல்களுக்கு இடையே வைக்கும் சிலிக்கான் துண்டு, புடைப்பின் மேல் ஒட்டும் மெத்தை, காலணிக்குள் வைக்கும் இன்சோல், இரவில் கட்டும் பட்டை ஆகியவற்றைப் பற்றி ஒரு தெளிவு தேவை. இவை வலியைக் குறைக்கலாம். முதிர்ந்தவர்களின் பாதத்தில் எலும்பை நிலையாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதில்லை. பட்டையைக் கட்டியிருக்கும்போது எடுத்த படத்தில் விரல் நேராகத்தான் தெரியும், கழற்றினால் திரும்பிவிடும். விளம்பரங்களில் காட்டப்படுவது முதல் படம் மட்டுமே. பாதத் தசைகளுக்கான பயிற்சியும், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் நடையை எளிதாக்கும் என்பதால் செய்யச் சொல்கிறேன், ஆனால் அதனாலும் சாய்வு நிமிர்ந்துவிடும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பின்லாந்தில் நடந்து 2001-ல் வெளியான ஒரு சோதனையை இங்கே குறிப்பிடலாம். வலியுள்ள 209 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவை, இன்னொன்றுக்கு இன்சோல், மூன்றாவதுக்குக் காத்திருப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். இன்சோல் ஆறு மாதம் வரை சிறிது ஆறுதல் தந்தது. ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களே கூடுதல் நன்மை அடைந்திருந்தார்கள். ஆக, இதில் கத்தியே வைக்கக் கூடாது என்று சொல்லும் மருத்துவரின் பேச்சு அப்படியே ஏற்கத்தக்கதன்று. தகுந்த பாதத்தில், தகுந்த காரணத்துக்காகச் செய்யப்படும் அறுவை பலன் தருகிறது. அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்களின் சாய்வு மிதமிஞ்சியதன்று என்பதையும், பின்தொடர்ந்த காலம் ஓராண்டு மட்டுமே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனவே, அகலமான காலணியும் மேற்சொன்ன உதவிகளும் நியாயமான காலம் முயன்று பார்க்கப்பட்டு, அதன் பிறகும் வேலையோ நடையோ தூக்கமோ வலியால் கெடுகிறது என்றால் அறுவையைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். இரண்டாம் விரல் இடம்பெயரத் தொடங்கியிருந்தாலோ, ஓரிரு ஆண்டு இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களில் சாய்வு தெளிவாகக் கூடியிருந்தாலோ, காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. சிறிய அறுவையில் முடிந்திருக்கக்கூடியது பெரிய அறுவையாகலாம். வயது தனியொரு தடையாகாது. பாதத்தின் இரத்த ஓட்டம் குறைந்திருப்பது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், பாதத்தில் உணர்விழப்பு, புகைப்பழக்கம் ஆகியவையே உண்மையான தடைகள். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும், புண் ஆறுவதும் தாமதமாகும். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தாவிட்டால் நான் அறிந்த நல்ல மருத்துவர்கள் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். எலும்பு வளர்ச்சி முடியாத சிறுவர் சிறுமியருக்கு மீண்டும் சாயும் வாய்ப்பு அதிகம் என்பதால் கூடுமானவரை காத்திருப்பதே வழக்கம்.

செய்துகொள்வது என்று முடிவானால், என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். இந்தக் கோளாறுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாப் பாதத்துக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்பதற்கு அதுவே சான்று. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு கோணங்களை அளக்கிறார்கள். கட்டைவிரலின் சாய்வுக் கோணம் சாதாரணமாக 15 பாகைக்குள் இருக்கும், 40 பாகையைத் தாண்டினால் கடுமையானதாகக் கொள்ளப்படும். முதல் இரண்டு மெட்டாடார்சல் எலும்புகளுக்கு இடையிலான கோணம் சாதாரணமாக 9 பாகைக்குள் இருக்கும். சாய்வு குறைவாக இருந்தால் எலும்பின் தலைப்பகுதிக்கு அருகில் வெட்டி நகர்த்தும் ஷெவ்ரான் முறை பெரும்பாலும் போதும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் எலும்பின் தண்டில் நீளவாக்கில் இசட் வடிவில் வெட்டி நகர்த்தும் ஸ்கார்ஃப் முறை. கட்டைவிரல் எலும்பிலேயே சிறு ஆப்பு வடிவில் எடுத்து நிமிர்த்தும் ஏக்கின் முறை இவற்றோடு அடிக்கடி சேர்த்துச் செய்யப்படும்.

சாய்வு கடுமையாகவோ, முதல் மெட்டாடார்சல் எலும்பு நடுப்பாதத்தோடு சேரும் அடிமூட்டு தளர்ந்தோ இருந்தால் அந்த அடிமூட்டைச் சரியான நிலையில் இணைத்துவிடும் லாபிடஸ் முறையைத் தேர்வார்கள். 1934-ல் பால் லாபிடஸ் இதை விவரித்ததால் அந்தப் பெயர். எலும்பின் திருகலையும் சேர்த்து நிமிர்த்த அது இடம் தருகிறது, ஆனால் இணைப்பு கூடுவதற்கு நேரம் எடுக்கும், சிலருக்குக் கூடாமலும் போகும். கட்டைவிரல் மூட்டே தேய்ந்துவிட்டவர்களுக்கு அந்த மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவதுதான் நம்பகமான வழி. அசையாத விரலோடு எப்படி நடப்பது என்று அஞ்சுபவர்கள் பலர். வலிக்கும் மூட்டைவிட வலிக்காத இணைப்பு நடைக்கு உதவுகிறது என்பதை நான் நேரில் பார்க்கிறேன். உயரமான குதியுள்ள காலணிகளை மட்டும் அவர்கள் மறந்துவிட வேண்டும்.

சிறுதுளை முறையைப் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. சில மில்லிமீட்டர் அளவிலான துளைகள் வழியே சுழலும் நுண்கருவியைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே எலும்பை வெட்டி, நகர்த்தி, திருகாணியால் பொருத்துகிறார்கள். தழும்பு சிறிது, தொடக்க நாட்களின் வலியும் பலருக்குக் குறைவு. ஆனால் எலும்பு வெட்டப்படுவதும் அது கூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமும் மாறுவதில்லை. இந்த முறை கைவரப் பல அறுவைகளின் பழக்கம் தேவை. ஆகவே முறையின் பெயரைவிட, அந்த முறையில் அந்த மருத்துவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதையே கேட்க வேண்டும். லேசர் அறுவை என்ற பெயரைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். விலகிய எலும்பை லேசர் நகர்த்தாது.

அறுவைக்குப் பிந்தைய காலத்தைப் பற்றி மருத்துவமனைகள் சுருக்கமாகவே பேசுகின்றன என்பது என் மனக்குறை. அன்றே வீடு திரும்பிவிடலாம், மறுநாளே நடக்கலாம் என்பார்கள். பல முறைகளில், தட்டையான கெட்டி அடியுள்ள தனிக் காலணியோடு குதிகாலை ஊன்றிக் கழிவறை வரை போகலாம் என்பதே அந்த நடையின் பொருள். முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலான நேரம் பாதம் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காலைத் தொங்கவிட்ட சில நிமிடங்களில் பாதம் கருஞ்சிவப்பாகி, துடிப்பது போன்ற வலி கிளம்பும். அதைக் கண்டு பலரும் பயந்துபோய் எங்களை அழைக்கிறார்கள். காலை உயர்த்தியதும் நிறமும் வலியும் தணிந்தால் அது எதிர்பார்க்கக்கூடியதே. தையல் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பிரிக்கப்படும். எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வீக்கம் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை மாலை வேளைகளில் எட்டிப்பார்க்கும். லாபிடஸ் முறையில் சில வாரங்கள் காலை ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லலாம். கேள்வி கேட்டவருக்கு வலது கால் என்பதால் கார் ஓட்டுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். நின்றே செய்யும் வேலைக்கு இரண்டு, மூன்று மாதங்கள் கழித்துத் திரும்புவதாகத் திட்டமிடுவதே பாதுகாப்பு; உட்கார்ந்து செய்யும் மாற்று வேலை கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசிவைப்பது இன்னும் நல்லது.

மூட்டைப் பாதுகாத்த அறுவைகளில், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து கட்டைவிரலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியைத் தவறாமல் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வலிக்கும் என்று அசைக்காமல் விட்டால் தழும்புத் திசு மூட்டை இறுக்கிவிடும். பிறகு எக்ஸ்ரேயில் அழகாக இருக்கும் விரல், நடக்கும்போது வளையாது. உடல் எடையைப் பாதத்தின் வெளி ஓரத்தில் போட்டு நடக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதை மாற்றுவதற்கே தனியாகச் சில வாரங்கள் செலவாகும்.

தீங்குகளையும் திறந்து பேச வேண்டும். மீண்டும் சாய்தல் முதலாவது. ஆய்வுக்கு ஆய்வு இதன் விகிதம் பெரிதும் மாறுகிறது. அடியிலுள்ள சிற்றெலும்புகள் சரியான இடத்துக்குத் திரும்பாமல் விடப்பட்ட பாதங்களில் இது கூடுதல். விரலின் ஓரத்தில் மரத்துப்போதல், மூட்டு விறைப்பு, முதல் எலும்பு குட்டையாகிச் சுமை பக்கத்து எலும்புக்கு மாறுவதால் பாதத்தின் அடியில் புது வலி, அளவுக்கு மீறி நிமிர்த்தியதால் விரல் எதிர்ப்பக்கம் சாய்தல், எலும்பு கூடாமை, கிருமித்தொற்று, திருகாணி உறுத்துவதால் அதை எடுக்க இன்னொரு சிறு அறுவை ஆகியவை மற்றவை. கெண்டைக்காலில் இரத்தம் உறைவது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இன்னொரு ஏமாற்றமும் உண்டு: வெற்றிகரமாக முடிந்த பிறகும் குறுகிய முனையுள்ள காலணிகளை அணிய முடியாதவர்கள் கணிசமானவர்கள். அந்தக் காலணிக்காகவே அறுவைக்குப் போகிறவர் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி. எலும்பியல் அறுவை மருத்துவராக இருந்து, பாதம் மற்றும் கணுக்காலில் தனிப் பயிற்சி பெற்றவரைத் தேடுவது முதல் படி. சில நாடுகளில் பாதத்துக்கென்றே தனியாகப் படித்து அறுவைத் தகுதி பெற்ற பொடியாட்ரி மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். அங்கே பட்டத்தின் பெயரைவிட அறுவைப் பயிற்சியும் பதிவும்தான் பார்க்கத்தக்கவை. முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவைகளில் பெயரெடுத்தவர் பாதத்திலும் அதே தேர்ச்சியோடு இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்குச் சிலமுறை மட்டும் இதைச் செய்பவரைவிட, வாரந்தோறும் செய்பவர் மேல்.

அவர் உங்களைப் பரிசோதிக்கும் விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும். நல்ல மருத்துவர் முதலில் இரண்டு காலணிகளையும் கழற்றச் சொல்லி, நிற்க வைத்துப் பார்ப்பார்; பின்பக்கம் வந்து குதிகால் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்; சில அடி நடக்கச் சொல்வார். பிறகு உட்கார வைத்து, பாதத்தைத் திருப்பிக் காய்ப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடுவார். கட்டைவிரலைத் தன் விரல்களால் நிமிர்த்தி, நிமிர்ந்த நிலையில் அது எவ்வளவு அசைகிறது என்று சோதிப்பார். முதல் எலும்பின் அடிமூட்டு தளர்ந்திருக்கிறதா என்று மேலும் கீழும் அழுத்திப் பார்ப்பார். பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். கெண்டைக்கால் இறுக்கத்தையும் விடமாட்டார். கழற்றிப் போட்ட காலணியையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர் என்றால் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடும். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்பவரிடம் அவசரப்பட வேண்டாம். எடை தாங்கும்போதுதான் எலும்புகளின் உண்மையான விலகல் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு முக்கியமானது ஒன்று: என் பாதத்துக்கு ஏன் இந்த முறை, வேறு முறை ஏன் வேண்டாம்? எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, கோணத்தையும் மூட்டையும் சுட்டிக்காட்டிப் பதில் சொல்ல முடிந்தவருக்குத் தன் வேலை தெரியும். நான் எல்லோருக்கும் இதைத்தான் செய்கிறேன் என்பது பதிலாகாது. அடுத்து, கடந்த ஓராண்டில் இந்த முறையை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களில் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளாமல், தோராயமாகவேனும் எண் சொல்பவரை நம்பலாம். எனக்குச் சிக்கலே வந்ததில்லை என்பவர் குறைவாகச் செய்திருக்கிறார், அல்லது செய்தவர்களைப் பிறகு பார்த்ததில்லை. அறுவையை அவரே செய்வாரா, பயிற்சி மருத்துவர் செய்வாரா. மயக்க மருந்து எந்த வகை. எத்தனை நாளில் காலை ஊன்றலாம். இரத்தம் உறையாமல் இருக்க என்ன ஏற்பாடு. இரவில் கட்டு இறுகினால் யாரை அழைப்பது. ஆறு வாரத்துக்குப் பிறகும் ஓராண்டிலும் நின்ற நிலை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாரா என்பவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேட்கலாம். முன்பு அவர் செய்தவர்களின் ஓராண்டு கழித்த எக்ஸ்ரேக்களை, பெயர் மறைத்து, காட்டச் சொல்லலாம். அறுவை மேசையிலேயே எடுத்த படங்கள் எல்லாருடையதும் நன்றாகத்தான் இருக்கும்.

இணையத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பீடுகள் காத்திருப்பு அறையின் வசதியையும் வரவேற்பாளரின் புன்னகையையும் பற்றி அதிகம் சொல்கின்றன. அதைவிட, அந்தப் பகுதியில் உள்ள இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரிடம், யாருடைய அறுவைக்குப் பிறகு வரும் பாதங்கள் எளிதில் தேறுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் துறையில் இருப்பவர்கள் வெளிப்படையாகக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்தப் பெயரைத் தயங்காமல் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். இன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை என்று சொல்லும் இடத்தில் கட்டாதீர்கள். இது அவசர அறுவை அன்று; தொற்றோ ஆறாத புண்ணோ இல்லாத வரையில் சில மாதத் தாமதத்தால் இழப்பு எதுவும் இல்லை.

இரு மருத்துவர்களும் முரண்படும் உங்கள் நிலைமையில், மூன்றாவதாகப் பாத அறுவையில் தேர்ந்த ஒருவரைப் பார்ப்பது வீண் செலவாகாது. போகும்போது நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயின் நகல், அன்றாடம் அணியும் காலணி, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றோடு, முதல் இரண்டு மருத்துவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லாமலே போங்கள். அவருடைய கருத்தைக் கேட்ட பிறகு சொல்லலாம். மூன்று மாதக் காலணி முயற்சியை இப்போதே தொடங்கிவிட்டால், அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கும் பதில் கையில் இருக்கும். இடது காலிலும் புடைப்பு இருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முதல் இரண்டு வாரங்கள் எந்தக் காலை ஊன்றிக் கழிவறைக்குப் போவது என்று கேளுங்கள்; வீட்டில் முழுநேரத் துணை இல்லாதவர்கள் அதிகம் வலிக்கும் காலை முதலில் செய்துகொண்டு, அது முழுதாகத் தேறிய பிறகு மற்றதைப் பற்றி யோசிப்பதே நான் சொல்லும் வழக்கம்.